வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

போன மாதம் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த கிராமத்து விடுதியை இப்போது நடத்துகிறவள் அவள்தான். என்னோடு அங்கே சமையலறையில் நின்ற அன்ரன் அண்ணையின் மகள். டென்மார்க்கில் பிறந்தவள். பழைய கணப்பை மூடிவிட்டு, விசையைத் தட்டினால் எரியும் எரிவாயு நெருப்பு வைக்கப் போகிறார்களாம். அதற்காக மேல்மாடத்தை ஒதுக்கியபோது அட்டை கிழிந்த சில புத்தகங்கள் அகப்பட்டிருக்கின்றன.

"அங்கிள், குளிருக்க நடக்கப் போற ஆக்களின்ர பேர் எழுதின புத்தகங்கள். எல்லாம் நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும்தான். ஒண்டில மட்டும் ஜூன் மாசம் ஒரு வரி கிடக்கு. அதில உங்கட பேர். சம்மரில எங்க நடக்கப் போனனீங்கள்?"

"நடக்கப் போகேல்ல பிள்ளை."

"அப்ப என்ன? புதுசா வேலைக்கு வந்த பெடியளை வாசல்ல நிண்டு, எங்க போறீங்கள் எண்டு ஆக்களிட்டக் கேக்கச் சொன்னால் சிரிக்கினம். எல்லாரிட்டயும் போன் இருக்குத்தானே எண்டினம். ஏன் கேக்கிறது எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ, நான் டேனிஷில மாத்தி அவைக்குக் குடுக்கிறன்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நாலு வரி எழுதுவதும், எழும்பிப் போய் யன்னலைப் பார்ப்பதும், திரும்ப வந்து இருப்பதுமாக ஒரு கிழமை போய்விட்டது. "ஓரிடத்தில இருந்தால்தானே எழுத்து வரும்" என்று மனைவி ஏசுகிறாள். நான் எந்தக் காலத்தில் ஓரிடத்தில் இருந்தேன்?

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அங்கே போனேன். ரண்டர்ஸ் நகரத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் பீச் மரக் காடு. மறுபக்கம், வெளிகளைத் தாண்டி ஆறு கிலோமீற்றர் நடந்தால், கடல் தரைக்குள் நீளமாக நுழைந்து நிற்கும் பியோர்ட். நடுவில் வைக்கோல் கூரை போட்ட பழைய விடுதி. அவர்கள் அதைக் குரோ என்பார்கள். கோடையில் யாரும் வந்து தின்றுவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் வேறு ஆட்கள். நாள் முழுக்கக் குளிருக்குள் நடந்து, மூக்கு சிவந்து, பின்னேரம் வந்து நெருப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு சூப் குடிப்பதற்கென்றே வருவார்கள். வெயிலுக்குள் பேருந்துக்கு நடக்கவே சலித்துக்கொள்ளும் ஊரில் பிறந்த எனக்கு, விடுமுறை எடுத்துச் சேற்றில் நடக்கிற மனிதர்களைப் பார்க்க முதலில் சிரிப்புத்தான் வந்தது.

வேலை பழகிய கதையை நீட்டத் தேவையில்லை. கோப்பை கழுவினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், பிறகு நெருப்பு என் பொறுப்புக்கு வந்தது. விடுதிக்காரியின் பெயர் இங்கர். அறுபதை நெருங்கிய விதவை. மூக்குக் கண்ணாடி சங்கிலியில் கழுத்தில் தொங்கும். ஒன்றை ஒரு தரம்தான் சொல்வார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பார். இங்கர் துணியை எடுத்தால் சமையலறையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அவர்கள் ஊரிலும் அதே மாதிரி ஒரு பெயர் இருப்பதால், யோகன் என்ற என் பெயர் அவருக்குச் சொந்தக்காரரின் பெயர் போலச் சுலபமாக வாயில் வந்தது. அவர் சொன்னதெல்லாம் டேனிஷில்தான். இங்கே நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் மண்டியிட்டு நெருப்பை ஊது ஊதென்று ஊதினேன். ஊரில் அடுப்பு அப்படித்தான் பற்றும். சாம்பல் எல்லாம் விரிப்பில் பறந்தது. இங்கர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு தடிப்பான கட்டைகளை அடியில் வைத்தார், மேலே மெல்லிய விறகுச் சிறாய்கள், அதற்கும் மேலே ஒரு துண்டுப் பேர்ச் மரப்பட்டை. புகைக்கூண்டின் கதவைத் திறந்து, மேலேயிருந்து கொளுத்தினார்.

"இனிக் கையை எடு. அது தன்ர வேலையைச் செய்யும்" என்றார்.

கையை எடுக்கிறதுதான் எனக்கு வராத வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கிளறுவேன். என் மனைவியும் மூன்று வயது மகளும் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கடிதம் வர ஆறு கிழமை எடுக்கும். வந்த கடிதத்தில் இருக்கும் சேதி ஆறு கிழமை பழையது, இன்றைக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதை அது சொல்லாது. அவர்களைக் கூப்பிடுகிற விண்ணப்பம் எங்கோ ஒரு கோப்பில் கிடந்தது. வேலை இருந்தால்தான் குடும்பத்தை எடுக்கலாம், ஒரு முறைப்பாடு வந்தாலும் கோப்பு அடியில் போய்விடும் என்று அகதி முகாமில் கதைத்தார்கள். அது எவ்வளவு உண்மையென்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றைக்கு அதுதான் எனக்கு வேதவாக்கு.

குளிர்கால ஒழுங்குகள் இவை. நடந்து வருகிறவர்கள் சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். நான் அவற்றை எடுத்து உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, நெருப்பிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி, கீழே தாள் விரித்து வைப்பேன். கிட்ட வைத்தால் தோல் வெடித்துவிடும். உள்ளே போட்டுக்கொள்ள கம்பளிச் செருப்புகள் இலக்கம் போட்டுத் தட்டில் இருக்கும், ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம். பின்னேரம் மூன்றரைக்கு நான் தட்டைப் பார்ப்பேன். எந்தச் செருப்பு தட்டில் இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் வெளியே.

வாசலில் ஒரு புத்தகமும் இருந்தது. போகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. இங்கர் மத்தியானம் வந்து கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்ப்பார்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். வெளிக்கிட்டு நிற்கிறவரை எங்கே போகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். யாராவது அறியாமல் கேட்டுவிட்டால் அம்மா திரும்பி உள்ளே வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார். அறியவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். அதோடு சரி. நான் அப்படியொன்றும் சாமி, சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் வாசற்படலையில் நிற்கிற மனிதரிடம் அந்தக் கேள்வி என் வாயில் வராது. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். காலைச் சாப்பாட்டு மேசையில் கோப்பி ஊற்றும்போதே எல்லோரிடமும் கேட்டு எழுதிவிடுவேன். கதிரையில் இருக்கிறவரைக் கேட்டால் பாவமில்லை. இரண்டு மாதம் ஒருவருக்கும் தெரியாமல் இந்தத் தந்திரம் ஓடியது.

தை மாத நடுவில் எல்லன் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபது வயதிருக்கும். ஒவ்வொரு வருடமும் கணவரோடு வருகிறவராம், அந்த வருடம்தான் தனியே. ஏழாம் இலக்க அறை. முதல் நாள் காலைப் பேருந்தில் வந்து இறங்கியதும், நான் புத்தகத்தில் எழுதுமுன்பே நடக்கப் போய்விட்டார். பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு நெருப்புக்கு முன்னால் இருந்து, "இண்டைக்கு முடிவு வரைக்கும் போக முடியேல்ல" என்று சொன்னார். எனக்குச் சொன்னாரோ நெருப்புக்குச் சொன்னாரோ தெரியாது. நான் சப்பாத்துக்குத் தாள் அடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. ரொட்டியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விட்டார். நான் விறகோடு உள்ளே வருகிறேன், அவர் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். புத்தகம் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது. விறகை இறக்கி வைத்தேன்.

"தூரமோ?" என்று டேனிஷில் கேட்டேன்.

"அவ்வளவு தூரம் இல்லை" என்றார், சிரித்துக்கொண்டு. போய்விட்டார்.

வரியில் எல்லன் என்று எழுதினேன். பக்கத்தில் இரண்டு கட்டங்களும் காலி. பதினொன்றரைக்கு இங்கர் சமையலறையில் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்தேன். இனிப் புத்தகத்துக்குத்தான் வருவார். ஓடிப்போய், "காடு. மூன்று மணி" என்று எழுதிவிட்டேன். பத்துப் பேர் போனால் ஒன்பது பேர் காட்டுக்குத்தான் போவார்கள். இங்கர் வந்தார், விரலை ஓட்டினார், புத்தகத்தை மூடினார். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு விறகு அடுக்கப் போனேன்.

ஒரு மணிக்குக் கிழக்கிலிருந்து காற்று எழும்பியது. இரண்டு மணிக்குப் பனி கிடையாக அடித்தது, முற்றத்துக் கொடிக்கம்பம் தெரியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெள்ளையாக வந்து சேர்ந்தார்கள். மூன்றரைக்குத் தட்டைப் பார்த்தேன். ஏழாம் இலக்கம் இருந்தது.

இங்கர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். "காடு" என்று உரக்கச் சொன்னார். பிறகு நகரத்துப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். பாதை மூடுண்டு போயிருக்கிறது, வர நேரமெடுக்கும் என்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆட்களோடும் நாய்களோடும் வந்தார். விடுதியில் நின்ற நாலு ஆண்களும் விளக்கோடு சேர்ந்து போனார்கள். எல்லோரும் காட்டுக்கு. நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி அத்தனை பேரும் அந்தப் பனிக்குள் போனார்கள்.

நான் சமையலறைக்குப் போனேன். அன்ரன் அண்ணை மன்னாரில் மீன்பிடித்தவர், எனக்குப் பத்து வயது மூப்பு. வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, காடு எண்டு அவ சொல்லேல்ல. நான்தான் எழுதினனான்."

கத்தி நின்றது. "ஏன் எழுதினனீ?"

"கட்டம் காலியா இருந்தது. நான் அவவைக் கேக்கேல்ல."

"ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரு. எல்லாரும் காட்டுக்குத்தானே போறவை, அவவும் அங்கதான் நிப்பா. நீ இப்ப போய் இங்கரிட்டச் சொன்னியெண்டால், உன்ர மனிசி பிள்ளை வந்தமாதிரித்தான்."

அவரில் பிழை சொல்லமாட்டேன். எனக்காகத்தான் சொன்னார். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். நெருப்புக்குத் திரும்பி வந்தேன். கட்டை வைத்தேன், கிளறினேன், யன்னலுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடி கிளறினேன். காட்டில்தான் நிற்பா, காட்டில்தான் நிற்பா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே விரித்திருந்த தாளைக் கண்டேன். முதல் நாள் இரவு ஏழாம் இலக்கச் சப்பாத்து நின்ற தாள். காலையில் எடுத்துப் போட மறந்திருந்தேன். காட்டுக்குப் போனவரின் சப்பாத்திலிருந்து கறுப்புச் சேறும் இலைத்துணுக்கும்தான் உதிரும். இதில் மணல் கிடந்தது. மணலோடு, காய்ந்து நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது சாதாளை. கடலோரத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாரி காலத்தில் எங்கள் கரையெல்லாம் குவிந்து கிடக்கும் அதே கடற்புல். முடிவு வரைக்கும் போக முடியேல்ல என்று அவர் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, கரையின் முடிவைத்தான் சொல்லியிருக்கிறார். நேற்று முடியாததை முடிக்கத்தான் இன்றைக்குச் சாப்பிடாமல்கூட வெளிக்கிட்டிருக்கிறார். ஆட்கள் தேடுகிறது ஒரு திசை, அவர் கிடக்கிறது மறு திசை.

என் பிள்ளையின் முகம் ஒரு பக்கம், அந்த மனுசியின் சிரிப்பு ஒரு பக்கம். தாளை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு இங்கரிடம் போனேன். அவர் துடைத்த மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"காடு எண்டு அவ சொல்லேல்ல. நான் கேக்கேல்ல. நானே எழுதிப்போட்டன்."

துணி நின்றது. "ஏன் கேக்கேல்ல?"

"எங்கட ஊரில வாசல்ல நிக்கிற ஆளிட்ட அதைக் கேக்கிறேல்ல. போற பயணத்துக்குக் கூடாது."

சிரிப்பார், அல்லது கத்துவார், அல்லது போ என்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப அவ எங்க எண்டு உனக்குத் தெரியுமோ?"

தாளை விரித்துக் காட்டினேன். இங்கர் விரலால் மணலைத் தொட்டார். மேலங்கியைப் போட்டார். காட்டுக்குப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட அன்ரன் அண்ணையை அனுப்பினார். பண்ணைக்காரரின் உழவு இயந்திரம் முற்றத்தில் நின்றது, அவரோடு வந்திருந்த மனைவி ஓட்டுவார். நானும் என் சப்பாத்தைத் தேடினேன்.

"நீ இல்லை. நெருப்பைப் பார்" என்றார் இங்கர்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தண்டனைகளில் அதைப்போல ஒன்று இல்லை. விடுதியில் மிஞ்சியது தங்க வந்த நாலு பெண்களும் நானும். நான் யன்னலுக்கும் கணப்புக்கும் நடந்தேன். கட்டையை எடுத்து எடுத்து வைத்ததில் நெருப்பு மூச்சுமுட்டிப் புகைந்தது. ஒருத்தி எழும்பி வந்து என் கையிலிருந்த கிளறியை வாங்கிச் சுவரில் கொழுவிவிட்டு, "இரும்" என்றாள். இருந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, வேலையில்லாமல், முதல் தடவையாக நெருப்பை அதன்பாட்டில் விட்டுவிட்டு இருந்தேன். ஊரில் என் மனைவியும் இப்படித்தானே ஒரு சேதிக்காக இருக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஆறு மணிக்கு இயந்திரத்தின் வெளிச்சம் முற்றத்தில் திரும்பியது. குதிரைக் கம்பளத்தில் சுற்றி எல்லனைத் தூக்கி வந்தார்கள். கரையில் கல்லில் சறுக்கிக் கணுக்கால் உடைந்து, தவழ்ந்து போய் ஒரு பழைய வலைக் கொட்டிலுக்குள் கிடந்திருக்கிறார். நான் கதிரையை நெருப்புக்குக் கிட்ட இழுத்தேன். இங்கர் அதைப் பின்னால் தள்ளினார். "இரண்டு கை நீளம். சப்பாத்துக்கு எண்டால் தெரியும், காலுக்கு எண்டால் தெரியாதோ?" அன்று அவர் என்னை ஏசிய ஏச்சு அவ்வளவுதான்.

எல்லன் தன் செருப்பைக் கேட்டார். ஏழாம் இலக்கத்தை எடுத்து வந்தேன். ஒரு கால் வீங்கி இருந்தது, ஒன்றைத்தான் போட முடிந்தது. குனிந்து போட்டுவிட்டபோது என் தலைக்கு மேல் அவர் குரல் கேட்டது. "அவ்வளவு தூரம் இல்லை எண்டு உனக்குப் பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்." நான் நிமிரவில்லை. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பாதை திறந்ததும் ஆஸ்பத்திரி வண்டி வந்து அவரைக் கொண்டுபோனது. உறைந்துபோன இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது என்று பிறகு அறிந்தேன். அந்த இரண்டு விரல்களும் என் கணக்கில்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்து, நான் எழுதிய பொய்யை வெட்டப் பேனையை எடுத்தேன். இங்கர் என் கையைப் பிடித்தார். "அது அப்பிடியே கிடக்கட்டும்." அதற்குக் கீழே தன் கையெழுத்தில், "பிழை. அவர் பியோர்ட்டில் இருந்தார். கண்டெடுத்தோம்" என்று எழுதினார். என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"இனி வாசல்ல நிண்டு கேள்."

"நான் சாப்பாட்டு மேசையில கேக்கிறனான்" என்றேன், மெல்ல.

"முட்டை தின்னேக்க ஒரு எண்ணம், கதவைத் திறக்கேக்க வேற எண்ணம். வாசல்லதான் கேக்கவேணும்."

கேட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, அதற்குப் பிறகு இருபத்தொரு குளிர்காலம், ஒவ்வொரு காலையும் கேட்டேன். கேட்ட பிறகு உள்ளே போய் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன், அவர்களுக்குப் பதிலாக. இதை இங்கருக்கும் சொல்லவில்லை, அன்ரன் அண்ணைக்கும் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. கோப்பும் அடியில் போகவில்லை. வைகாசி கடைசியில் அனுமதி வந்தது. மனைவியும் மகளும் கோப்பன்ஹேகனில் வந்து இறங்குகிற நாளுக்கு முதல் நாள், முதல் பேருந்துக்கு வெளிக்கிட்டேன். வெயில் எறித்தது, கணப்பு கூட்டிப் பெருக்கிக் காலியாகக் கிடந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருப்பேன்.

"யோகன்."

இங்கர் நின்றார். மூக்கில் கண்ணாடி. கையில் பங்குனியோடு மூடி வைத்த புத்தகம்.

"எங்க போறாய்?"

எனக்குப் பகீரென்றது. இந்த ஒரு பயணத்திலா? கொழும்புக்கு வண்டி ஏறினார்களோ, இடையில் யாரும் மறித்தார்களோ, ஒன்றும் தெரியாத இந்தப் பயணத்திலா? திரும்பி உள்ளே போய் இருந்து தண்ணீர் குடித்தால் பேருந்து போய்விடும். தூரமில்லை என்று சொல்லிவிட்டு ஓடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கோப்பன்ஹேகன். விமான நிலையம்" என்றேன்.

"எப்ப திரும்புவாய்?"

"நாளைக்குப் பின்னேரம். ஆறு மணி."

"எத்தனை பேர்?"

அதுவரைக்கும் அந்த எண்ணை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "மூண்டு பேர்" என்றேன். இங்கர் அதை எழுதினார். எழுதி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போனேன்.

சுகந்தி கேட்ட அந்த ஜூன் வரி அதுதான். மறுநாள் நாங்கள் வந்து சேர்ந்த சந்தோசத்தில் நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பிறகும் பார்க்கத் தோன்றவில்லை. இதை எழுதுகிறபோதுதான் நினைவு வந்து, நேற்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். திரும்பி வந்தவர்களுக்குப் பக்கத்தில் இங்கர் சரி போடுவது வழக்கம், அந்த வரியில் போட்டிருக்கிறாவோ பார் பிள்ளை என்றேன். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஓம் அங்கிள்" என்றாள். "மூண்டு சரி போட்டிருக்கு. மூண்டாவது கொஞ்சம் சின்னனா இருக்கு."